படிக்க முடியாத படி

யாருடைய பாட்டு? – வரலாற்றுத் தொடர் – 9

ஒரு காகிதச் சுருள். அகலம் 11¼ அங்குலம். நீளம் பாட்டைப் பொறுத்தது. பிரித்துவிட்டால் கூடத்தைத் தாண்டி வாசல்படி வரை ஓடும். தலைப்பில் பாட்டின் பெயர் ஒட்டியிருக்கும். அதற்கப்புறம் முழுக்க ஓட்டைகள். சில பொட்டு மாதிரி, சில நீளக் கோடு மாதிரி. ஓலைச்சுவடியைச் செல்லரித்தால் அங்கே எழுத்து போய்விடும். இந்தச் சுருளில் அரித்த இடம்தான் எழுத்து.

இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-ல் யோசித்தது: இது பாட்டின் படியா, எந்திரத்தின் உதிரி பாகமா?

சென்ற அத்தியாயத்தில் ஆஸ்கார் வைல்டின் புகைப்படத்தைப் பார்த்தோம். கேமரா எடுத்த படத்துக்கு நெப்போலியன் சரோனி என்ற மனிதர் ஆசிரியர் ஆகலாம் என்று 1884-ல் இதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. 24 ஆண்டு கழித்து எந்திரம் வேறு வாசல் வழியாக வந்தது. இந்த முறை அது பியானோ வாசித்துக்கொண்டே வந்தது.

காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறி போட்ட வீட்டுக்குள் போயிருப்பவர்களுக்கு இந்தச் சுருள் அந்நியமாக இருக்காது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் துளை போட்ட அட்டைகளைப் பார்த்திருப்பார்கள். எந்தப் பாவு நூல் எழும்ப வேண்டும் என்பதை அட்டையின் துளை சொல்லும். மயிலும் மாங்காயும் புடவையில் விழும். பிரான்சில் 1804-ல் வந்த அந்த ஏற்பாட்டின் தூரத்துச் சொந்தம்தான் பியானோச் சுருள். பியானோவின் எந்தக் கட்டையைத் தட்ட வேண்டும் என்பதை இதன் துளை சொல்கிறது.

உட்கார்ந்து இரண்டு மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்க வேண்டும். நம் ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை ஊதும். இதன் துருத்தி காற்றை உறிஞ்சும். சுருள் ஒரு பட்டையின் மேல் நகரும். பட்டையில் வரிசையாகச் சிறு துவாரங்கள். தாளின் ஓட்டை ஒரு துவாரத்துக்கு நேரே வந்ததும் வெளிக்காற்று உள்ளே புகும், ஒரு வால்வு எழும்பும், அதற்குரிய குட்டித் துருத்தி சட்டென்று சுருங்கும், மர விரல் ஒன்று கட்டையைத் தட்டும். ஓட்டை நீளமாக இருந்தால் ஸ்வரமும் நீளும். வாசிக்கத் தெரியாதவர் கால் வலிக்கும் வரை மிதித்தால் போதும், வீடு நிறைய இசை.

டெட்ராய்ட்டில் எட்வின் வோட்டி என்பவர் 1895-ல் தன் பட்டறையில் இதைச் செய்து முடித்தார். நியூயார்க்கின் ஏயோலியன் கம்பெனி அதற்கு 'பியானோலா' என்று பெயர் சூட்டி 250 டாலருக்கு விற்றது. முதலில் வந்தது பியானோவின் முன்னால் தள்ளிவைக்கிற தனிப் பெட்டி. பிறகு அது பியானோவுக்குள்ளேயே குடியேறிவிட்டது. யார் செய்த எந்திரமானாலும் ஜனங்கள் பியானோலா என்றே சொன்னார்கள். நம் ஊரில் நகலெடுக்கும் கடையெல்லாம் ஜெராக்ஸ் கடை ஆன கதைதான். 1902-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட எந்திரங்கள் 70,000 முதல் 75,000 வரை புழக்கத்தில் இருந்தன என்றும், அந்த ஒரே ஆண்டில் 10 லட்சம் முதல் 15 லட்சம் சுருள்கள் உற்பத்தியாயின என்றும் வழக்கின் தீர்ப்பிலேயே ஒரு கணக்கு வருகிறது.

அந்தச் சுருள்களுக்காகப் பாட்டு எழுதியவர்களுக்குப் போன பணம், பூஜ்யம்.

அன்றைக்கு இசை வியாபாரம் என்றால் தாள் வியாபாரம். ஸ்வரங்களை ஐந்து கோட்டில் அச்சிட்டு விற்பார்கள். நடுத்தர வீட்டுப் பெண் அதை வாங்கி வந்து பியானோவில் வைத்து வாசிப்பாள். அச்சிட்ட தாளை இன்னொருவன் அச்சிட்டால் திருட்டு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சுருள் தயாரிப்பவரோ கடையில் ஒரே ஒரு தாளை வாங்கி வருவார். அதைப் பார்த்துத் துளை போடுவார். அப்புறம் ஆயிரம் சுருள், பத்தாயிரம் சுருள். "நான் எதையும் அச்சிடவில்லையே" என்பார். எந்தச் சட்டமும் அவர் கையைப் பிடிக்கவில்லை.

பாஸ்டன் நகரத்து ஒயிட்-ஸ்மித் என்ற இசைப் பதிப்பகம் அப்போலோ என்ற கம்பெனி மீது வழக்குப் போட்டது. அப்போலோ, பியானோலாவுக்குப் போட்டி எந்திரமும் அதற்கான சுருள்களும் விற்றது. தகராறுக்கு வந்தவை இரண்டு பாட்டுகள்: 'லிட்டில் காட்டன் டாலி', 'கென்டக்கி பேப்'. இரண்டுக்கும் இசையமைத்தவர் பிலடெல்பியாவில் வாழ்ந்த ஆடம் கைபல்.

இரண்டுமே கறுப்பினத் தாய் குழந்தையைத் தூங்கவைப்பதாகப் பாவனை செய்யும் தாலாட்டுகள். கறுப்பின மக்களின் பேச்சைப் போலி செய்து வெள்ளையர்கள் எழுதி, வெள்ளையர்கள் அச்சிட்டு விற்ற அந்தக் காலத்துச் சரக்கு. 'எங்கள் சொத்தைத் திருடிவிட்டார்கள்' என்று கோர்ட்டுக்கு வந்தவர்களின் சொத்தே யாருடைய சாயலில் செய்யப்பட்டதோ, அவர்கள் அந்த வழக்கில் எந்தத் தரப்பிலும் இல்லை. பின்னால் இது நமக்குத் தேவைப்படும் என்பதால் ஓரமாகச் சொல்லி வைக்கிறேன்.

கீழ் நீதிமன்றத்தில் 1905-ல் ஒயிட்-ஸ்மித் தோற்றது. மேல்முறையீட்டில் 1906-லும் தோற்றது. 1908 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றமும் கையை விரித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் டே. ஒரு பாட்டின் 'படி' என்றால், மனிதன் பார்த்துப் புரிந்துகொள்ளும்படியான குறியீட்டில் அது எழுதியோ அச்சிட்டோ இருக்க வேண்டும் என்றார் அவர். பொறுமையும் பயிற்சியும் இருந்தால் ஓட்டைகளைப் பார்த்தே பாட்டைச் சொல்லிவிடலாம் என்று சாட்சி சொன்னவர்களும் இருந்தார்கள். சுருள் செய்கிற தொழிலாளிகளாலேயே அதை இசையாக வாசிக்க முடியவில்லை என்ற சாட்சியங்கள்தான் கனமாக இருந்தன. ஆகவே சுருள் என்பது எந்திரத்தின் ஒரு பாகம். காற்றழுத்தத்தோடு சேர்ந்தால் ஒலி வரும். தனியே எடுத்தால் வெறும் துளைத்தாள்.

இங்கே தமிழில் ஒரு வசதி இருக்கிறது. 'படி' என்றால் நகல். 'படி' என்றால் வாசி. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிய அந்தத் தீர்ப்பை நம் மொழியில் மூன்று சொல்லில் அடக்கிவிடலாம்: படிக்க முடிந்தால்தான் படி. நம் 'பதிப்புரிமை'யும் அச்சுக்கூடத்தில் பிறந்த சொல்தான். பதிப்பித்த புத்தகத்தைப் பார்த்துச் செய்த சொல் அது. காதுக்குப் போவதை அதற்குள் திணிக்கும்போதெல்லாம் கொஞ்சம் பிதுங்கிக்கொண்டுதான் நிற்கிறது. (பேச்சு வழக்கில் 'காப்புரிமை' என்று சொல்லிச் சமாளிக்கிறோம். அது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டண்ட் உரிமையோடு போய்க் குழம்புவதால் நான் தவிர்க்கிறேன்.)

அந்தத் தீர்ப்பில் யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கண்ணால் படிக்க முடிந்தால்தான் படி என்று எந்தப் பாட்டுகளை முன்வைத்து முடிவானதோ, அவற்றை உண்டாக்கிய ஆடம் கைபல் கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை இழந்தவர். ஐந்து கோட்டில் அச்சிட்ட தன் பாட்டை அவர் ஒரு நாளும் கண்ணால் படித்ததில்லை. அந்த இலக்கணப்படி பார்த்தால் அவருக்குத் தாளும் சுருளும் ஒன்றுதான். விரலால் தடவிப் பார்த்தால் சுருளிலாவது ஓட்டை தட்டுப்பட்டிருக்கும்.

நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் மற்றவர்களோடு சேர்ந்துதான் வாக்களித்தார். முன்தீர்ப்புகள் அப்படி இருந்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸும் பேசாமல் இருந்தது. ஆனால் தனியாகச் சில வரிகள் எழுதி வைத்தார். ஸ்வரங்களைக் குறிப்பிட்ட வரிசையில் கோத்ததுதான் இசையமைப்பாளனின் படைப்பு. அந்தக் கோவையை எந்திர வழியில் திருப்பித் தருகிற எதுவும் படியாகத்தான் இருக்க வேண்டும். சட்டம் அதற்குக் குறுகலாக இருந்தால் சட்டத்தை அகலப்படுத்துங்கள் என்பது அவர் எழுதியதன் சாரம்.

அகலப்படுத்தும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அங்கேதான் கதையின் பெரிய ஆள் வருகிறார்.

ஜான் பிலிப் சூசா. அமெரிக்க மரைன் படையின் பேண்டு வாத்தியக் குழுவை 1880 முதல் 1892 வரை நடத்தியவர். பிறகு சொந்தக் குழு வைத்து ஊர் ஊராகப் போனவர். அணிவகுப்பு இசையின் ராஜா என்று அவருக்குப் பட்டம். 1906 ஜூன் மாதம், புதிய சட்டத்துக்கான விசாரணை வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகக் கட்டடத்தில் நடந்தபோது அவர் சாட்சி சொல்ல வந்தார். தான் சிறுவனாக இருந்த காலத்தில் கோடை மாலைகளில் வீட்டு வாசல்தோறும் பிள்ளைகள் கூடிப் பாடுவார்கள், இப்போதோ இந்தப் பாழாய்ப்போன எந்திரங்கள்தான் ராத்திரி பகலாகக் கத்துகின்றன என்றார். குரங்கு மனிதனானபோது வால் போன மாதிரி, பாடாமலே இருந்து இருந்து மனிதனுக்குக் குரல்நாணும் போய்விடும் என்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு பத்திரிகையில் இதையே நீண்ட கட்டுரையாகவும் எழுதினார். எந்திர இசைக்கு 'டப்பா இசை' என்ற பட்டப்பெயரைப் பரப்பியவர் அவர்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சூசாவின் பெயர் போட்ட குழுவின் ஒலிப்பதிவுகள் அன்றைய கிராமபோன் விற்பனையில் முன்வரிசையில் இருந்தன. பெரும்பாலும் பதிவு அறைக்கு அவர் போகமாட்டார். குழுவில் இருந்த வேறு யாராவது கோல் பிடிப்பார்கள். ஆக, எந்திரத்தின் மேல் அவருக்கு இருந்த கோபத்தில் கலையின் பங்கு பாதி. தன் மெட்டைச் சுருளிலும் தட்டிலும் ஏற்றி விற்கிறவன் தனக்கு ஒரு சென்ட் தரவில்லை என்பது மீதி. அந்தப் பாதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி கேட்பது குற்றமா? ஆனால் நூறாண்டுக்கு மேலாக மேடையில் எடுத்துப் பேசப்படுவது வால் கதை மட்டும்தான்.

உண்மையான விளையாட்டு வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒயிட்-ஸ்மித் வழக்கின் செலவைத் தூக்கிச் சுமந்தது யார் என்று பார்த்தால், ஏயோலியன். ஆமாம், பியானோலா விற்ற அதே ஏயோலியன். சுருள் விற்றே சம்பாதித்த கம்பெனி, சுருள் விற்பது குற்றம் என்று தீர்ப்பு வர வேண்டும் என்று காசு இறைத்தது.

காரணம் அதன் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட இசைப் பதிப்பகங்களோடு ஏயோலியன் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தது. சுருளும் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்று ஒரு நாள் நீதிமன்றம் சொன்னாலோ சட்டம் வந்தாலோ, அந்தப் பதிப்பகங்களின் பாட்டுகளைச் சுருளாக்கும் உரிமை ஏயோலியனுக்கு மட்டும். அதுவரை ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை. சட்டம் மாறிய மறுநாள் போட்டிக் கம்பெனிகள் எல்லாம் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஊரில் புகழ்பெற்ற பாட்டுகளில் பெரும்பகுதி ஒரே ஒரு கம்பெனியின் எந்திரத்தில் மட்டும் பாடும். தன் தொழிலுக்கே சுருக்கு மாட்டச் சொல்லிக் கேட்கிறவன், கயிற்றின் மறுமுனை தன் கையில் இருக்கிற தைரியத்தில் கேட்கிறான்.

இந்த ஒப்பந்தங்கள் 1906 விசாரணையில் அம்பலமாயின. சிறிய சுருள் கம்பெனிக்காரர்கள் கொந்தளித்தார்கள். வால் போய்விடும் என்று சூசா அழுததற்குச் சிரித்த உறுப்பினர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. ஏகபோகங்களை உடைப்பதுதான் அப்போது வாஷிங்டன் அரசியலின் சூடான பேச்சு. இசையமைப்பாளருக்கு உரிமை கொடுக்காவிட்டால் அநியாயம். கொடுத்தாலோ அது அவர் கையில் நிற்காது. பதிப்பகத்துக்குப் போய், அங்கிருந்து ஏயோலியனின் பெட்டிக்குள் விழும். என்ன செய்வது?

1909 மார்ச் 4 அன்று, தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராக இருந்த கடைசி நாளில், கையெழுத்தான பதிப்புரிமைச் சட்டம் இதற்கு ஒரு விசித்திரமான வழி கண்டுபிடித்தது. இசையமைப்பாளருக்கு எந்திர உரிமை உண்டு. தன் பாட்டை எந்தச் சுருளிலும் ஏற்றமாட்டேன் என்று அவர் சொல்லலாம். ஆனால் ஒரே ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டால் கதவு எல்லோருக்கும் திறந்துவிடும். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் அந்தப் பாட்டைச் சுருளாகவோ தட்டாகவோ செய்யலாம். கேட்க வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் போதும். கட்டாய லைசென்ஸ் என்று இதற்குப் பெயர் வந்தது. விலையைச் சந்தை வைக்கவில்லை, இசையமைப்பாளரும் வைக்கவில்லை, சட்டமே வைத்தது.

ஏயோலியனின் ஒப்பந்தங்கள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. துளை கூட இல்லாத காகிதம்.

கலைக்கும் எந்திரத்துக்கும் நடந்த போரில் வந்த சமரசம் என்று இந்த 2 சென்ட்டைப் பல புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலைஞனுக்கு நியாயம் செய்ய மட்டும் என்றால் உரிமையை முழுசாகக் கொடுத்திருப்பார்கள். எந்திரத்தைக் காப்பாற்ற மட்டும் என்றால் தீர்ப்பை அப்படியே விட்டிருப்பார்கள். பாட்டுக் கிடங்கு முழுவதையும் வளைத்துப்போடப் பார்த்த ஒரு கம்பெனியின் வாசலில் மாட்டிய பூட்டு அது. பூட்டை மாட்டியவர்கள் விலையை மட்டும் திரும்பிப் பார்க்க மறந்துவிட்டார்கள். இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, ரேடியோ வந்தது, நீள்தட்டு வந்தது, பீட்டில்ஸ் வந்து பிரிந்தும் போனார்கள். 1978 வரை அந்தக் கட்டணம் 2 சென்ட்தான்.

பியானோச் சுருள் அதற்கு வெகு காலம் முன்பே காலமாகிவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உற்பத்தியான பியானோக்களில் பாதிக்கு மேல் தானே வாசிப்பவை. ரேடியோவும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து பத்தே ஆண்டில் அதை மூடின. மெக்சிகோ நகரில் அமெரிக்காவில் பிறந்த கான்லன் நான்காரோ மட்டும் பல பத்தாண்டுகள் தன் கையாலேயே சுருள்களில் துளை போட்டுக்கொண்டிருந்தார். பத்து விரல் உள்ள எவராலும் வாசிக்க முடியாத வேகமும் பின்னலும் கொண்ட இசை அது, எந்திரத்துக்காகவே எழுதியது.

அந்த 2 சென்ட் யோசனை கப்பல் ஏறி நம் பக்கமும் வந்தது. பிரிட்டன் 1911 சட்டத்தில் கட்டாய லைசென்ஸைச் சேர்த்தது. 1914-ல் அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்தது. 1957-ல் நாமே எழுதிய சட்டத்தின் 52-வது பிரிவிலும் அதன் வாரிசு ஓர் உட்பிரிவாகக் குடியிருந்தது. 1980-களில் கேசட் கம்பெனிகள் புகழ்பெற்ற பழைய பாட்டுகளை வேறு குரல்களில் பாடவைத்துக் குறைந்த விலைக்கு விற்றது அந்த உட்பிரிவின் தயவில்தான். 2012 திருத்தத்தில் அதை நீக்கி, மூலப் பதிவு வந்து 5 ஆண்டு கழிந்த பிறகே மறுபதிவு என்று இறுக்கினார்கள்.

டேயின் 'கண்' இலக்கணமும் கூடவே வந்தது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. 1957 சட்டப்படி இசைப் படைப்பு என்றால், அச்சிலோ எழுத்திலோ வேறு வரைவடிவிலோ பதிந்த மெட்டும் ஒத்திசைவும். காகிதத்தில் இல்லாதது சட்டத்துக்கு இசையே இல்லை. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை ஸ்வரக் குறிப்புகளோடு அச்சிட்டது எவ்வளவு அபூர்வமான காரியம் என்பதை நினைத்தால், மற்ற வித்வான்கள் நிலை புரியும்; குரு பாட, சீடன் கேட்டுப் பாட, காது வழியாகவே ஓடி வந்த இசை இது. 1977-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கண்டு கடிந்துகொண்டார். உருகவைக்கும் பாட்டும் பாடுகிறவரின் குரலும் சட்டத்தின் கண்ணில் படவில்லை, தாளில் ஏறிய ஸ்வரம் மட்டுமே படுகிறது என்பது அவர் ஆதங்கம். 1994 திருத்தத்தில்தான் அந்த நிபந்தனை போனது. அமெரிக்கா அதை 1976 சட்டத்திலேயே கைவிட்டிருந்தது: நேரடியாகவோ எந்திரத்தின் உதவியாலோ உணர முடிந்தால் அது படிதான் என்று எழுதினார்கள். 68 ஆண்டு கழித்து ஹோம்ஸ் ஜெயித்தார்.

அத்தோடு ஓட்டைத் தாளின் கேள்வி தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

2025 நவம்பர் 4, லண்டன் உயர் நீதிமன்றம். கெட்டி இமேஜஸ் என்ற படக் கம்பெனி, ஸ்டெபிலிட்டி ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவுக் கம்பெனியின் மீது போட்ட வழக்கு. லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த பிறகு ஒரு மாடலுக்குள் மிஞ்சுவது எண்கள், கோடிக்கணக்கில் எண்கள். அந்த எண்கள் படங்களைச் சேமித்து வைக்கவில்லை, ஆகவே அந்த மாடல் ஒரு படி ஆகாது என்று நீதிபதி ஜோவன்னா ஸ்மித் தீர்ப்பளித்தார்.

ஒரே வாரம் கழித்து, நவம்பர் 11, மியூனிக். ஜெர்மன் பாட்டாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் கேமா என்ற அமைப்பு ஓப்பன்ஏஐ மீது போட்ட வழக்கு. ஒன்பது ஜெர்மன் பாட்டுகளின் வரிகள் பற்றியது. எளிய கேள்வி ஒன்றைக் கேட்டாலே மாடல் அந்த வரிகளை ஒப்பிக்கிறது என்றால் அவை அதன் எண்களுக்குள் பதிந்திருக்கின்றன என்றுதான் அர்த்தம். எந்திரத்தின் உதவியால் வெளியே எடுக்க முடிந்தால் போதும், அது படியெடுத்தல்தான் என்றது அந்த நீதிமன்றம். ஒன்று படம், மற்றது பாட்டு வரி. வழக்குகள் வேறு, நாட்டின் சட்டமும் வேறு. இரண்டுமே கீழ்நிலைத் தீர்ப்புகள், மேலே போகக்கூடியவை. ஆனால் மேசை மேல் கிடப்பது 1908-ன் சுருள்தான். யாராலும் பார்த்துப் படிக்க முடியாத ஒன்று. அதற்குள் பாட்டு இருக்கிறதா?

இசைக்கே வருவோம். சூனோ, யூடியோ என்ற இரு கம்பெனிகள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டைக் குரலோடு செய்து தருகின்றன. 2024 ஜூன் 24 அன்று யுனிவர்சல், சோனி, வார்னர் மூன்றும் அவற்றின் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தன. சூனோ மீது பாஸ்டனில், யூடியோ மீது நியூயார்க்கில். ஒயிட்-ஸ்மித்தின் ஊரும் ஏயோலியனின் ஊரும். தற்செயல்தான், ஆனாலும் எழுதாமல் விட மனமில்லை. திருடிய ஒவ்வொரு பாட்டுக்கும் 1,50,000 டாலர் வரை கேட்டார்கள். இணையத்தில் எட்டிய, ஓரளவு தரமான எல்லா இசையும் தன் பயிற்சிக்குள் போனதை சூனோ தன் பதிலில் ஏறக்குறைய ஒப்புக்கொண்டது. நியாயமான பயன்பாடு என்று வாதாடியது. கூடவே ஒரு பழைய ஷரத்தை எடுத்து வீசியது.

அமெரிக்காவில் ஒலிப்பதிவுக்கென்று தனி உரிமை 1972-ல்தான் நடைமுறைக்கு வந்தது. கொடுக்கும்போதே அதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள்: பதிவான அதே ஒலியை எடுத்தால் குற்றம், அச்சு அசலாக அதே மாதிரி வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிந்தால் ஒலிப்பதிவு உரிமை மீறப்படவில்லை. கல்யாண மேடையில் டி.எம்.எஸ். மாதிரியே பாடுகிற ஆர்க்கெஸ்ட்ரா பாடகர்களைப் போன்றவர்களை நினைத்து வைத்த கதவு. அந்தக் கதவு வழியாக இன்று எந்திரம் நுழைகிறது: 'என் பாட்டில் உங்கள் பதிவின் ஒரு துணுக்கும் இல்லை, எல்லாம் புதிதாகப் பிறந்த ஒலி, சாயல் மட்டும்தான் உங்களுடையது.' ஓரமாகச் சொல்லி வைத்த கென்டக்கித் தாலாட்டை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். சாயலுக்குச் சொந்தக்காரன் யார் என்று சட்டம் அன்றும் கேட்டதில்லை.

வாதம் தீர்ப்புக்குப் போவதற்குள் ஒப்பந்தங்கள் வரத் தொடங்கின. 2025 அக்டோபர் கடைசியில் யுனிவர்சல் யூடியோவோடு கைகுலுக்கியது. நவம்பரில் வார்னர் முதலில் யூடியோவோடும், பிறகு சூனோவோடும். யுனிவர்சலோடு கையெழுத்தானதும் யூடியோ தன் தளத்தில் பாட்டுகளைத் தரவிறக்கும் வசதியை மூடியது. பயனர்கள் கூச்சல் போட்டதால் தங்கள் பாட்டுகளை எடுத்துக்கொள்ள இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் பாட்டு அந்தச் சுவருக்குள்ளேதான் பாடும்.

திருடன் என்று நேற்று வரை கத்தியவர்கள் இன்று பங்காளிகள். தப்பில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் ஏயோலியனைப் படித்த பிறகு இந்தச் செய்தியைப் படிக்கிறவனுக்கு வேறு ஓர் இடத்தில் கண் போகிறது. எண்பது பதிப்பகங்களின் கிடங்கு இருந்த இடத்தில் இன்று மூன்று கம்பெனிகள். உரிமை உறுதியானால் அந்தக் கிடங்கைத் தொட யாரால் முடியும்? பெரிய முன்பணம் கட்ட முடிந்த எந்திரக்காரரால். புதிதாக வருகிற சின்னக் கம்பெனியின் கதி, அன்றைய சிறிய சுருள்காரரின் கதி. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் எவ்வளவு போகும், எந்தக் கணக்கில் போகும்? 1906-ல் ஏயோலியனின் ஒப்பந்தங்கள் காங்கிரஸ் விசாரணைப் பதிவேட்டிலேயே ஏறின. சின்னக் கம்பெனிக்காரர்கள் அவற்றை ஒவ்வொரு ஷரத்தாகப் படித்துவிட்டுத்தான் சண்டைக்கு வந்தார்கள். 2025 ஒப்பந்தங்களின் ஷரத்துகளை அந்தக் கம்பெனிகள் வெளியிடவில்லை.

(அடுத்து: 1956, இல்லினாய் பல்கலைக்கழகம். ஒரு வேதியியலாளர் கணிப்பொறியிடம் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு இசை எழுதச் சொல்கிறார்.)